சிப்பி ஒட்டுவதற்கு முன் உப்பை எடுங்கள்

முல்லைத்தீவுப் பக்கத்தில் சிப்பி, சோகி, ஊரி பொறுக்கி வந்து கண்ணாடிச் சட்டமும் தொங்கு திரையும் விளக்கு மூடியும் செய்து விற்கலாமா என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: கடல் சும்மா தருகிறது, வீட்டில் இருந்தபடியே செய்யலாம், கைவேலை தெரிந்தால் போதும். நானும் அந்த எண்ணத்தில்தான் தொடங்கினேன். ஒரு மாரி முடிவதற்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. காதில் கிடந்த தோடு அடகுக்குப் போனது. கடன் குழுவில் என்னோடு கையெழுத்து வைத்த பெண்களின் முகத்தைப் பார்க்கவே கூசிய நாட்கள் உண்டு. சிப்பியை எப்படி அழகாக அடுக்குவது என்று காட்டித் தந்தவர்கள் இருந்தார்கள். அது ஏன் கழன்று விழும், எப்போது விழும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். காசு விபரத்தையும் மறைக்கவில்லை. இனித் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் கூட உதவும்.

என் தொழில் தையல். ஒரு பயிற்சி வகுப்பில் சிப்பி வேலை பழக்கினார்கள். குளூ கன்னால் சூடான கம்மை வைத்து, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் சிப்பியை ஒட்டுவது, மேலே வார்னிஷ் அடிப்பது, அவ்வளவுதான் பாடம். கைக்கு அது நன்றாகவே வந்தது. நான் செய்த ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு, ஏ9 வீதியில் கிளிநொச்சிப் பக்கம் விருந்தினர் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி, அறைகளுக்கெல்லாம் கண்ணாடிச் சட்டமும் முன்மண்டபத்துக்கு ஒரு பெரிய தொங்கு திரையும் கேட்டார். மொத்தம் 1,20,000 ரூபாய். முற்பணம் 40,000, மீதி விடுதி திறந்த பிறகு. அவ்வளவு பெரிய தொகையை ஒரே வேலையில் நான் அதற்கு முன் கண்டதில்லை. முற்பணம் காணாது என்று, கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக்கடன் 75,000 எடுத்தேன். பலகை, கண்ணாடி, கம், வார்னிஷ், துளைபோடும் சின்ன மெஷின் எல்லாவற்றுக்கும் 62,000 போனது. உதவிக்கு வந்த இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளமாக 18,000 கொடுத்தேன்.

சிப்பி பொறுக்க எங்கள் கரையில் நல்ல காலம் வாடை அடங்கி வருகிற நேரம். மார்கழியில் கடல் கொந்தளித்து, அடியில் கிடப்பதையெல்லாம் கரைக்குத் தள்ளிவிடும். தை, மாசியில் அளம்பில், செம்மலை, கள்ளப்பாடு என்று வெயில் ஏறுமுன் நடந்தால், அலை கடைசியாக வந்து திரும்பிய கோட்டில் மட்டி ஓடுகள் குவிந்து கிடக்கும். சோழகம் வீசும் மாதங்களில் கடல் இந்தப் பக்கம் அமைதி, கரையும் வெறுமை. ஆகவே ஒரு வருடத்துக்குத் தேவையானதை அந்த இரண்டு மாதத்தில் சேர்த்துவிட வேண்டும். கரையில் மேலே கிடப்பதை மட்டும் எடுங்கள். மண்ணைக் கிண்ட வேண்டாம். 2009இல் இந்தக் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முள்ளிவாய்க்கால் பக்கம் போனால் நான் காலால்கூட மணலைத் தள்ளிப் பார்ப்பதில்லை. என்னவென்று தெரியாத இரும்பு எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல் விலகி, கிராம சேவையாளரிடமோ பொலிசிடமோ சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதைப் புறப்படும்போதே சொல்லிக் கூட்டிப்போங்கள். இன்னொன்று, சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் கிடக்கும் எதையும் எடுத்துவர முடியாது.

பொறுக்கும்போதே பார்க்க வேண்டியது, உள்ளே உயிர் இருக்கிறதா என்பது. வெறும் ஓடு என்று நினைத்து எடுத்த சங்குகளில் துறவி நண்டு குடியிருக்கும். ஆள் தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். நான் கொண்டுவந்த உரப்பை ஒன்றை வீட்டுக் கோடிக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி வந்து என்ன செத்துக் கிடக்குது என்று கேட்டா. அந்தப் பை முழுவதையும் புதைக்க வேண்டியதாயிற்று. சின்ன உயிர்கள் மூடிய பைக்குள் அப்படிச் செத்துக் கிடந்தது மனதுக்கும் பெரிய சங்கடம். இப்போது பொறுக்கியதைக் கரையிலேயே ஒரு அகலமான பாத்திரத்தில் பரப்பி, நிழலில் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் பார்த்திருப்பேன். நண்டு இருந்தால் மெல்லக் காலை நீட்டி நடக்கத் தொடங்கும். அதை அந்தச் சங்கோடு கடலோரத்தில் விட்டுவிடுவேன். முழுசான, வாய் பெரிய சங்குகளில் கொஞ்சத்தை எடுக்காமலே விட்டும் வருவேன். நண்டு வளர வளர வீடு மாற்ற வேண்டும், அதற்கு வெற்றுச் சங்கு வேண்டும். கூம்பு வடிவத்தில் மேலே வலைக்கோலம் போட்டதுபோல அழகாக இருக்கிற சங்கு கிடைத்தால் உடனே கையில் எடுக்காதீர்கள், சட்டைப்பைக்குள் போடவே போடாதீர்கள். உயிரோடு இருந்தால் அது விஷ முள்ளால் குத்தும். அந்த இனத்தில் சிலது குத்தி ஆட்கள் இறந்தும் இருக்கிறார்கள்.

அடுத்தது கழுவுவது. இங்கேதான் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தேசிக்காய்ப் புளியில் ஊறப்போடு என்றார் ஒருவர். ஹாட்வெயார் கடையில் விற்கிற, தரை கழுவும் அசிட்டில் முக்கி எடு, பளபளக்கும் என்றார் இன்னொருவர். முக்கினேன். நுரை பொங்கிக்கொண்டு வந்தது, எடுத்துக் கழுவியதும் உண்மையிலேயே பளபளத்தது. ஆனால் அந்த நுரை அழுக்குப் போகிற நுரை இல்லை, சிப்பியே கரைகிற நுரை. சிப்பி என்பது சுண்ணாம்புக் கல்லின் அதே பொருள். முந்தின காலத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுப்பதற்கே சிப்பியைத்தான் சுட்டார்கள். புளிப்பான எது பட்டாலும் அது கரையும். மெல்லிய சிப்பிகளின் விளிம்பு தாள்போல ஆகி, கையில் அழுத்தினால் உடைந்தது. சோகியின் மினுக்கம் ஒருதரம் போனால் திரும்பி வராது. ஆபத்தான விஷயம் இன்னொன்று உண்டு. வெளுக்கப்போடும் ப்ளீச் தண்ணி இருந்த வாளியைச் சரியாகக் கழுவாமல் அதற்குள் அசிட்டை ஊற்றினால் வருகிற புகை நெஞ்சை அடைக்கும். மூடிய அறையென்றால் உயிருக்கே ஆபத்து. உதவிக்கு வந்த பிள்ளை இருமியபடி வெளியே ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நல்ல காலம், நாங்கள் மாமரத்தடியில் வேலை செய்துகொண்டிருந்தோம். அன்றோடு அசிட் போத்தலை வீட்டை விட்டே அப்புறப்படுத்தினேன்.

இப்போது செய்கிற முறை இதுதான். மணல் போகக் கழுவி, பழைய பற்தூரிகையால் உரசுவது. நாற்றம் உள்ளதைத் தண்ணீரில் போட்டு மெல்லக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஊசியால் உள்ளே இருப்பதை எடுப்பது. கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீருக்குள் போட்டால் மினுக்கமான சங்குகள் வெடிக்கும், தானாக ஆறட்டும். பச்சைப்பாசி போகாவிட்டால் ப்ளீச்சுக்குச் சரிக்குச் சரி தண்ணீர் விட்டு, கொஞ்ச நேரம் மட்டும் ஊறவிடுவது, பக்கத்திலேயே நின்று பார்த்து எடுப்பது. இரவு முழுக்க விட்டால் மேற்பரப்பு சோக்குக்கட்டி போல ஆகிவிடும். சில மட்டிகளுக்கு மேலே மண்ணிறத்தில் ஒரு தோல் இருக்கும், அது ஊத்தை இல்லை. பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள், ப்ளீச் அதைத்தான் முதலில் தின்னும்.

சரி, இவ்வளவும் செய்தால் சிப்பி சுத்தம் என்றுதான் நானும் நினைத்தேன். பார்வைக்குச் சுத்தம்தான். ஆனால் சிப்பியின் நுண்ணிய துவாரங்களுக்குள்ளும் சங்கின் உட்சுருள்களிலும் கடலுப்பு அப்படியே இருக்கிறது. கோடையில் அது சத்தமில்லாமல் கிடக்கும். மாரி வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுக்கும், கரையும், இரண்டு நாள் வெயில் எறித்தால் திரும்பவும் கட்டியாகும். கட்டியாகும்போது மேலே உள்ள கம்மையும் வார்னிஷையும் தள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் இது நடந்தால் எந்தக் கம் தாங்கும்? நான் கழுவிய தண்ணீரும் இதற்குத் துணைபோனது. எங்கள் வளவுக் கிணறு கோடையில் உவர்த்துவிடும். உப்புத் தண்ணீரால் உப்பைக் கழுவியிருக்கிறோம்.

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். நல்ல தண்ணீர் தேவை. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. அல்லது தண்ணீரூற்று, முள்ளியவளைப் பக்கம்போல நல்ல தண்ணீருள்ள இடத்து உறவுக்காரர் வீட்டுக் கிணற்றடியில் வாளிகளை வையுங்கள். நாளுக்கு ஒருதரம் தண்ணீரை முழுதாக மாற்றி, குறைந்தது ஒரு கிழமை. சுருள் சங்குகளுக்கு இரண்டு கிழமை. ஒவ்வொரு தடவையும் சங்கைத் தலைகீழாகப் பிடித்து உதறி உள்ளே நிற்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டும். உப்புப் போய்விட்டதா என்று பார்க்க ஒரு சின்ன வழி வைத்திருக்கிறேன். ஒரு சில்வர் தட்டில் இந்த ஓரத்தில் சிப்பி ஊறிய தண்ணீர் ஒரு கரண்டி, மற்ற ஓரத்தில் சிப்பி போடாத அதே கிணற்றுத் தண்ணீர் ஒரு கரண்டி. வெயிலில் வைத்துக் காயவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரும் வெள்ளைத் தடம் விடும், எங்கள் மண்ணின் தண்ணீர் அப்படி. இரண்டு தடமும் ஒரே அளவாகும்வரை ஊறல் தொடர வேண்டும். பிறகு காய்வது. தறப்பாளை விரித்து, சங்கின் வாய் கீழே பார்க்கும்படி பரப்பி, நிழலும் வெயிலும் மாறி மாறிப் படவிடுங்கள். காய்ந்ததா என்று கண்ணால் தெரியாது. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணம் சங்கை நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு அதே கிண்ணத்தைத் திரும்ப நிறுங்கள். நிறை குறைந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அந்த விடுதி வேலையை ஆவணியில் முடித்து, வான் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போகும் வழியில் பரந்தன் சந்தியில் சாப்பிட நிறுத்தினோம். வெயிலில் நின்ற வானுக்குள் குளூ கன் கம் இளகி, பெரிய சங்குகள் சில இடம் மாறி இறங்கியிருந்தன. அங்கேயே திரும்ப ஒட்டிக் கொடுத்தோம். சுவரில் மாட்டிப் பார்த்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. அந்தத் தம்பியும் நிறையப் புகழ்ந்தார். அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை.

கார்த்திகை மழை தொடங்கிக் கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது. "அக்கா, சிப்பியெல்லாம் கழண்டு விழுது. மிச்சத்திலை வெள்ளையா என்னவோ பூத்திருக்கு. ஆக்கள் வந்து தங்கிற இடம், ஒருக்கா வந்து பாருங்கோ." போய்ப் பார்த்தேன். எம்டிஎஃப் பலகையின் ஓரங்கள் ஈரத்தில் ஊதி, மா பிசைந்ததுபோலப் பொருமியிருந்தன. ஓரம் ஊதினால் அதில் ஒட்டிய சிப்பி நிற்குமா? முன்மண்டபத்தில் கண்ணாடி போட்ட பெட்டிக்குள் வைத்திருந்த சோகிகளின் மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. துடைத்தால் போனது, ஆனால் அடியில் மினுக்கம் இல்லை, சொரசொரப்பு. அந்தத் தம்பி கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவந்தேன். முற்பணம் 40,000ஐயும் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் காசு பலகையிலும் கம்மிலும் எப்போதோ செலவாகிவிட்டது, தோட்டை அடகு வைத்துத்தான் கொடுத்தேன். போக வர வானுக்கு மட்டும் 13,000. கடனுக்கு நான் கட்டி முடித்த வட்டி 16,000க்குக் கிட்ட. பொருள், சம்பளம், வான், வட்டி எல்லாம் கூட்டினால் 1,09,000 ரூபாய். என் பல மாத உழைப்புக்கு இதில் கணக்கே இல்லை.

அந்த வெள்ளைத் தூளைப் பூஞ்சணம் என்றுதான் எல்லாரும் சொன்னோம். தங்கச்சியின் மகள் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். வந்து பெட்டியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது பூஞ்சணம் இல்லை. உள்ளுக்கை வினாகிரி மாதிரி மணக்குதோ பாருங்கோ" என்றாள். மணந்தது. பிறகு அவள்தான் தேடிப் படித்து விளக்கினாள். அருங்காட்சியகங்களில் அலுமாரிக்குள் வைத்த சிப்பிகளுக்கு இது நூறு வருடத்துக்கு மேலாக நடந்து வருகிறது. பைன் என்ற ஆங்கிலேயர் 1899இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரையே வைத்து 'பைன் நோய்' என்கிறார்கள். நோய்க்கிருமி எதுவும் இதில் இல்லை. பலகை, கார்ட்போட், சில கம்வகைகள் ஆகியவற்றிலிருந்து மெல்ல மெல்ல அமில ஆவி வருகிறது. மூடிய பெட்டிக்குள் அது சேருகிறது. ஈரமும் சேர்ந்தால் அந்த ஆவி சிப்பியைத் தின்று வெள்ளை உப்பாக மாற்றுகிறது. எங்கள் பெட்டியில் மூன்றும் இருந்தன: எம்டிஎஃப் பலகை, கண்ணாடியின் விளிம்பை அடைத்த சிலிக்கன், மாரிகாலத்து ஈரம். காயும்போது வினாகிரி மணக்கிற சிலிக்கன் சிப்பிக்கு ஆகவே ஆகாது. அதே சிலிக்கனில் 'நியூட்ரல்' என்று போட்டதும் கடைகளில் உண்டு, விலை கொஞ்சம் கூட. அதைக் கேட்டு வாங்குங்கள். சிப்பியைக் காற்றோட்டமாக வையுங்கள், கண்ணாடிப் பெட்டி கேட்கிற வாடிக்கையாளருக்கும் இதை விளக்கிச் சொல்லுங்கள். தூள் பிடித்த சிப்பியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துத் திறந்த இடத்தில் வைத்தால் மேலும் பரவாது. அரித்த மினுக்கம் மட்டும் போனது போனதுதான்.

விஷயம் விளங்கிய பிறகு எனக்கு வந்தது கோபம்தான். பயிற்சி தந்தவர்கள் குளிரூட்டிய மண்டபத்தில், கோடையில், ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலையைக் காட்டிவிட்டு சான்றிதழும் தந்து போனார்கள். ஐப்பசியிலிருந்து தைவரை நனைந்து கிடக்கிற ஒரு ஊரில் இந்தப் பொருள் எப்படி நிற்கும் என்று அவர்களில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டும். கடன் எடுத்துத் தொழில் தொடங்கப் போகிற பெண்களுக்குத்தானே அந்த வகுப்பு.

திரும்பத் தொடங்கியபோது ஒட்டுவதைக் குறைத்துக் கட்டுவதைக் கூட்டினேன். இப்போது என் வேலையில் பெரும்பகுதி தங்கூசியில், அதாவது மீன்பிடிக்கிற நைலோன் நூலில், கோர்த்த தொங்கு திரைகளும், பனையோலைப் பின்னலில் தைத்த சுவர்த் தட்டுகளும். பனையோலை ஊதாது, காற்றும் போய்வரும். துளைபோடுவதற்கும் பாதி இடத்தில் தேவையே இல்லை. கரையில் பொறுக்கும் மட்டி ஓடுகளைக் கவனித்துப் பாருங்கள், மூட்டுப் பக்கத்தில் பென்சிலால் குறித்ததுபோல ஒரு வட்டத் துளை சிலவற்றில் இருக்கும். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்ளே போகப் போக ஒடுங்கியும், மெஷினால்கூட அவ்வளவு சுத்தமாகப் போட முடியாது. அது இன்னொரு கடல் நத்தை மட்டியைத் தின்பதற்காகத் துளைத்தது. இவற்றைத் தனியே ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தால் ஒரு திரைக்குக் கணக்காக வரும். தங்கூசி வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. மீன்பிடிக்கிறவர்களிடம் தூண்டில் முடிச்சைப் பழகுங்கள். துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் காற்றில் ஆட ஆடத் தங்கூசியை அறுத்துவிடும், அரத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நேர் வெயிலில் தொங்கும் தங்கூசி வருடம் போகப் போக நொறுங்கும். மாற்றிக் கோர்த்துத் தருவேன் என்று விற்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

துளை போடத்தான் வேண்டுமென்றால் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, சிப்பியை அதற்குள் நனைத்தபடி கையால் சுற்றும் துளைக்கருவியால் போடுங்கள். மின் மெஷினைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. அதில் போடுவதென்றால் ஈரத்துணியில் சிப்பியை வைத்து, தூள் பறக்காமல் அடிக்கடி நனைத்துத் துடைத்து வேலை செய்யுங்கள். சிப்பித் தூள் நெஞ்சுக்குள் போனால் நுரையீரலுக்குக் கேடு. துணியால் வாயைக் கட்டினால் போதாது, தூளுக்கென்று விற்கிற முகக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட வேண்டும். முதல் வருடம் எனக்கு வந்த இருமலைத் தடிமன் என்றே நினைத்துப் பிளேன்டீயும் கொத்தமல்லியும் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டியே ஆக வேண்டிய வேலைக்கு அரால்டைட் போன்ற இரண்டு குழாய்க் கம்தான் என் அனுபவத்தில் நின்றது. அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகுவதைவிட ஒரு நாள் எடுத்து இறுகுவது பலம். ஒட்டும் இடத்தில் மட்டும் சிப்பியை அரத்தாளால் உரசிச் சொரசொரப்பாக்குங்கள், மினுக்கத்தின் மேல் எந்தக் கம்மும் பிடிக்காது. மினுக்கம் காட்ட எண்ணெய் பூசுகிறவர்கள் ஒட்டி முடிந்த பிறகு பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் காறல் மணம் வரும், எறும்பும் வரும். பேபி ஓயில் ஒரு துளி போதும். வெள்ளைக் கம் மாரியில் இளகும். சுப்பர் குளூ ஒருதரம் தட்டினால் விட்டுவிடும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். சிப்பி பொறுக்குவதிலிருந்து விற்கும் நிலைக்கு வரும்வரை, ஊறல், காய்தல், கோர்த்தல் எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் ஆகும். கிழமைக் கடனோ அடுத்த திங்கட்கிழமையே வாசலில் வந்து நிற்கும். இந்தத் தொழிலுக்கும் அந்தக் கடனுக்கும் பொருந்தவே பொருந்தாது. ஒருவர் கட்டத் தவறினால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். என்னால் இரண்டு கிழமை கட்ட முடியாமல் போனபோது, தன் பிள்ளையின் பள்ளிச் சப்பாத்துக் காசை எடுத்து எனக்காகக் கட்டிய பெண்ணுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? கடன் வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் மாதத் தவணைக்கு, சின்னத் தொகையாகக் கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, முதல் வருடம் கடனே இல்லாமல், கையில் இருப்பதை வைத்துச் செய்வது. செய்த ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றை வெளி விறாந்தையில் தொங்கவிட்டு ஒரு முழு மாரியைக் கடக்க விடுங்கள். தையில் அது எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடை போடுங்கள். நான் அப்படித்தான் திரும்ப எழும்பினேன்.

விலை போடும்போது சிப்பி சும்மா வந்தது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பொறுக்க நடந்தது, தண்ணீர் அள்ளி மாற்றியது, தரம் பிரித்தது எல்லாவற்றையும் மணித்தியாலமாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். வயலில் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிற நாள்கூலியையாவது உங்களுக்குப் போடுங்கள். கதவளவு திரைக்கு முதலில் 2,500 ரூபாய் சொல்லிக்கொண்டிருந்தேன். கொப்பிக் கணக்குப் பார்த்த பிறகு 6,500 சொல்கிறேன், வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். பெரிய கட்டளை வந்தால் பாதிக் காசு முதலில், மீதி பொருள் கைமாறும்போது. திறப்பு விழாவுக்குப் பிறகு என்ற பேச்சு வேண்டாம். குளியலறைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் ஒட்டுவேலை தருவதில்லை என்பதையும் துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்.

கனடா, சுவிஸ் என்று வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் சனம்தான் நல்ல விலைக்கு வாங்குகிறது. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டை அழகுக்காகச் சேர்த்துக் கட்டித் தரச் சொல்லிக் கேட்பார்கள். பவளப்பாறை இந்த நாட்டில் சட்டப்படி காக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பவளமும் இராட்சத மட்டியும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்கிற சர்வதேச உடன்படிக்கையிலும் இருப்பதால், இறங்குகிற விமான நிலையத்திலும் பிடிப்பார்கள். விற்றவரை மட்டும் அல்ல, கொண்டுபோனவரையும் கேட்பார்கள். என் வேலையில் பவளத் துண்டு ஒன்றுகூட இல்லை. சாதாரண மட்டி, ஊரி என்றாலும் எடுத்துப்போகுமுன் வனஜீவராசிகள் திணைக்களத்திலும் சுங்கத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கட்டிக் கொடுக்கிறேன். கட்டும்போது திரையின் ஒவ்வொரு சரத்தையும் தனித்தனியே பழைய பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள். ஒரு சரம் இன்னொன்றோடு சிக்கினால் கனடாவில் அதைப் பிரித்துக் கொடுக்க ஆளில்லை.